பண்டிகைக்கு வீட்டு மிட்டாய்: இராமநாதபுரம் கடற்கரையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தீபாவளி, கிறிஸ்துமஸ், பொங்கல், இரண்டு பெருநாள் என்று தொண்டியிலிருந்து சாயல்குடி வரைக்கும் ஏதாவது ஒரு பண்டிகை வந்துகொண்டேதான் இருக்கிறது. ஒரு வீட்டுத் தட்டு இன்னொரு வீட்டுக்குப் போகும், அந்தத் தட்டு வெறுமையாகத் திரும்பாது. கடையில் வாங்கிய பெட்டியைக் கொடுப்பதற்குப் பதிலாக வீட்டிலேயே மிட்டாய் செய்து கொடுக்க நினைப்பவர்கள் கேட்கும் கேள்விகளும் பதில்களும் இவை. ஒரு மிட்டாயைத் தவிர மற்றதெல்லாம், ஜெல்லி உலரும் நாளைக் கணக்கில் சேர்க்காவிட்டால், ஒரு மதியத்தில் முடியக்கூடியவை.

முதல் தடவை செய்கிறேன். எதில் ஆரம்பிக்கலாம்?

தேங்காய் பர்பியில். பாகு கொஞ்சம் முன்னே பின்னே போனாலும் சாப்பிடும்படிதான் வரும். துருவிய தேங்காய் 2 கப், சீனி ஒன்றரை கப், தண்ணீர் கால் கப், நெய் 2 ஸ்பூன், ஏலக்காய் 4. தேங்காயின் வெள்ளைப் பகுதியை மட்டும் துருவுங்கள். ஓட்டை ஒட்டிய பழுப்பு விழுந்தால் நிறம் மங்கும். சீனியும் தண்ணீரும் கொதித்து ஒற்றைக் கம்பிப் பதம் (விரலில் தொட்டு இழுத்தால் ஒரு நூல் வரும்) வந்ததும் தேங்காயைப் போட்டு, தீயைக் குறைத்து, கைவிடாமல் கிளறுங்கள். ஓரமெல்லாம் வெள்ளையாக நுரைத்து, சட்டியை விட்டு உருண்டு வரும்போது நெய்யும் ஏலக்காயும் சேர்த்து, நெய் தடவிய தட்டில் கொட்டிப் பரப்புங்கள். வெதுவெதுப்பாக இருக்கும்போதே கத்தியால் கீறிவிட வேண்டும். முழுக்க ஆறிய பிறகு கீறினால் உடையும்.

மதுரையில் இருக்கும் அக்கா சொன்ன அளவில்தான் கடலை மிட்டாய் செய்தேன். அவள் வீட்டில் மொறுமொறுவென்று இருக்கிறது, பாம்பனில் எனக்குச் சாயங்காலத்துக்குள் பிசுபிசுத்துவிட்டது. ஏன்?

அளவில் தப்பில்லை, காற்றில்தான் விஷயம். சர்க்கரை ஈரத்தை இழுக்கும் பொருள். பாகைக் காய்ச்சக் காய்ச்ச அதிலிருக்கும் தண்ணீர் போய்விடுகிறது. கெட்டி மிட்டாயில் கடைசியில் தண்ணீர் ஏறக்குறைய இல்லை என்றே சொல்லலாம். அப்படிக் காய்ந்த பொருளைக் கடற்காற்றில் திறந்து வைத்தால் காற்றின் ஈரத்தைக் குடித்து மேல்பரப்பு திரும்பவும் பாகாகிவிடுகிறது. இதுதான் பிசுபிசுப்பு. மதுரைக் காற்றில் அவ்வளவு ஈரம் இல்லை.

நமக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. இந்தக் கரைக்குப் பெரும் மழை வடகிழக்குப் பருவத்தில்தான், அதாவது அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை. தீபாவளியும் கிறிஸ்துமஸும் சரியாக அதற்குள் வந்து விழுகின்றன. பெருநாள்கள் ஒவ்வொரு ஆண்டும் 10, 11 நாள் முன்னே நகர்வதால் சில ஆண்டுகள் வெயிலிலும் சில ஆண்டுகள் மழையிலும் வரும். ஆக, என்ன மிட்டாய் என்று முடிவு செய்வதற்கு முன்னால் எந்த மாதம் என்று பாருங்கள். எத்தனை செய்முறை கைவசம் இருந்தாலும் இந்த ஊரில் முதல் கேள்வி அதுதான்.

மழை மாதத்தில் மூன்று காரியம் செய்யலாம். முதலாவது, பாகை வழக்கத்தைவிட ஒரு பிடி கூடுதலாகக் காய்ச்சுவது. இரண்டாவது, மிட்டாயை மின்விசிறிக்கு அடியில் ஆறவைக்காமல் இருப்பது. காத்து பட்டால் சீக்கிரம் ஆறும் என்று தோன்றும், ஆனால் விசிறி ஈரக் காற்றைத்தான் திரும்பத் திரும்ப அதன் மேல் அடிக்கிறது. கடல் பக்கத்து ஜன்னலை மூடிவிட்டு, தட்டை உள்ளறையில் வையுங்கள். மூன்றாவதுதான் முக்கியம்: கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் ஒவ்வொன்றாகச் சுற்றி டப்பாவில் அடைத்துவிடுவது. இரவு அப்படியே விட்டுக் காலையில் சுற்றலாம் என்று நினைத்தால் காலையில் சுற்ற முடியாது.

பிசுபிசுத்துப் போனதை என்ன செய்வது?

கமர்கட்டு என்றால் திரும்பச் சட்டியில் போட்டு, சிறு தீயில் இளக்கி, பதம் பார்த்து மறுபடி உருட்டலாம். கடலை மிட்டாயையும் அப்படியே இளக்கித் தட்டலாம், ஆனால் வெல்லம் சீக்கிரம் கருகும், பக்கத்திலேயே நிற்க வேண்டும். தேங்காய் பர்பியில் புளிப்பு வாடை வந்துவிட்டால் கொட்டிவிட வேண்டியதுதான்.

பதம் பார்ப்பது எப்படி? வெப்பமானி வாங்க வேண்டுமா?

ஒரு கிண்ணத்தில் குளிர்ந்த தண்ணீர் போதும். பாகில் ஒரு சொட்டு எடுத்து அதில் விடுங்கள். சொட்டு கரைந்தோடினால் இன்னும் ஆகவில்லை. விரலால் சேர்த்தால் இளக்கமாக உருண்டு, அமுக்கினால் தட்டையாகிறதா, அது உருட்டுப் பதம். கெட்டியாக உருண்டு, தட்டில் போட்டால் ‘டங்’ என்று சத்தம் வந்தால் கமர்கட்டுப் பதம். நீட்டினால் வளையாமல் ‘டக்’ என்று ஒடிந்தால் கடலை மிட்டாய்ப் பதம். ஒற்றைக் கம்பி என்பது இவற்றுக்கெல்லாம் முந்தியது: இரண்டு விரலுக்கு நடுவில் பாகைத் தொட்டு இழுத்தால் ஒரு நூல் அறுபடாமல் வரும். சொட்டைச் சோதிக்கும்போது அடுப்பைக் குறைத்துவிடுங்கள். நீங்கள் தண்ணீரில் விரல் விட்டுக்கொண்டிருக்கும் நேரத்தில் சட்டியில் இருப்பது அடுத்த பதத்துக்குப் போய்விடும்.

வெப்பமானி இருந்தால், வெள்ளைச் சீனிப் பாகுக்கு இளம் உருட்டுப் பதம் 112 முதல் 116 டிகிரி செல்சியஸ், கெட்டி உருட்டுப் பதம் 121 முதல் 130, ஒடியும் பதம் 149 முதல் 154. வெல்லத்துக்கும் கருப்பட்டிக்கும் இந்தக் கணக்கை நம்பாதீர்கள். அவற்றில் சர்க்கரையைத் தவிர வேறு பொருள்களும் கலந்திருப்பதால் 154 வரை போவதற்குள் கருகிக் கசந்துவிடும். அங்கே தண்ணீர்க் கிண்ணம்தான் சரி.

சீனி, வெல்லம், கருப்பட்டி: எது நல்லது?

எதற்கு என்பதைப் பொறுத்தது. பர்பிக்குச் சீனி. கடலை மிட்டாய்க்கும் கமர்கட்டுக்கும் கடையில் ‘பாகு வெல்லம்’ என்று கேட்டு வாங்குங்கள். பொங்கலுக்கு வாங்கும் எல்லா வெல்லமும் ஒடியும் பதத்துக்கு வராது. கருப்பட்டி வாசனைக்கு ஈடில்லை, ஆனால் மழைக்காலத்தில் அது தானாகவே கசியும். வெல்லத்திலும் கருப்பட்டியிலும் குளுக்கோஸ், ஃபிரக்டோஸ் போன்ற பிரிந்த சர்க்கரைகள் சீனியில் இருப்பதைவிட அதிகம், அவை ஈரத்தை இன்னும் வேகமாக இழுக்கும். அந்தக் காலத்தில் அடுப்புக்கு மேலே பரணில், புகை படும் இடத்தில் கருப்பட்டியை வைத்தது சும்மா இல்லை.

பதநீர் இறங்குவது வெயில் காலத்தில். சாயல்குடி, கடலாடிப் பக்கம் அப்போது காய்ச்சிய கருப்பட்டியை வாங்கி வைத்துக்கொண்டால் தீபாவளிக்குத் தேட வேண்டியதில்லை. வாங்கும்போது ஒன்றை உடைத்துப் பாருங்கள். உள்ளே சீனி மாதிரி மினுமினுப்பாகப் படிகம் தெரிந்தால் சீனி கலந்திருக்கலாம் என்று சந்தேகப்படலாம். எந்த வெல்லமானாலும், எந்தக் கருப்பட்டியானாலும், கால் டம்ளர் தண்ணீரில் கரைத்து வடிகட்டாமல் பாகு வைக்காதீர்கள். மணலும் நாரும் கட்டாயம் இருக்கும்.

கமர்கட்டு பல்லை உடைக்காமல், ஆனால் கமர்கட்டாகவும் இருக்க என்ன செய்வது?

பல்லை உடைப்பதுதான் அதன் அழகு என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். துருவிய தேங்காய் ஒரு கப், பொடித்த பாகு வெல்லம் ஒரு கப், நெய் ஒரு ஸ்பூன், கொஞ்சம் சுக்கு, ஏலக்காய். தேங்காயை முதலில் வெறும் சட்டியில் ஈரம் போகும்வரை வறுத்து எடுத்துக்கொள்ளுங்கள். இந்த ஒரு வேலையை விட்டால்தான் பலருக்கும் கமர்கட்டு சீக்கிரம் கெடுகிறது. வடிகட்டிய வெல்லப் பாகு ‘டங்’ என்னும் பதத்துக்கு வந்ததும் தேங்காயைக் கொட்டிக் கிளறி, சட்டியில் ஒட்டாமல் திரண்டதும் இறக்குங்கள். கையில் நெய் தடவிக்கொண்டு சூடாக இருக்கும்போதே உருட்ட வேண்டும், அதனால் இரண்டு பேர் வேண்டும். ஒரே ஆள் என்றால் பாதி அளவு செய்யுங்கள். சட்டியில் கெட்டியாகிவிட்டால் திரும்பச் சிறு தீயில் காட்டினால் இளகும். மென்மையாக வேண்டுமென்றால் ‘டங்’ வருவதற்குச் சற்று முன்னாலேயே தேங்காயைப் போட்டுவிடுங்கள், அவ்வளவுதான்.

கடலை மிட்டாய் கோவில்பட்டி மாதிரி வருமா?

கோவில்பட்டி கடலை மிட்டாய்க்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தக் கைப்பழக்கம் வீட்டுச் சட்டியில் வந்துவிடாது. ஆனால் நல்ல கடலை மிட்டாய் நிச்சயம் வரும். வறுத்துத் தோல் நீக்கி இரண்டாக உடைத்த கடலை 200 கிராம், பாகு வெல்லம் 150 கிராம். ஒடியும் பதத்தில் கடலையைப் போட்டு, இரண்டு கிளறு கிளறி, உடனே நெய் தடவிய பலகையில் கொட்டி, எண்ணெய் பூசிய சப்பாத்திக் கட்டையால் உருட்டித் தட்டையாக்குங்கள். கடலை வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். ஆறிய கடலையைப் போட்டால் பாகு அங்கேயே கெட்டியாகி, பரப்ப முடியாமல் போகும். எள்ளிலும் இதே கணக்குதான்.

எளிதான கருப்பட்டி மிட்டாய் ஏதாவது?

சுக்குக் கருப்பட்டி வில்லை. அரைக் கிலோ கருப்பட்டியைக் கரைத்து வடிகட்டி, உருட்டுப் பதத்துக்குக் காய்ச்சி இறக்குங்கள். ஒரு ஸ்பூன் சுக்குப் பொடி, அரை ஸ்பூன் மிளகுப் பொடி, நாலைந்து ஏலக்காய். அப்புறம் சூடு சற்றுத் தணிந்ததும் மரக் கரண்டியால் பலமாகக் கிண்டுங்கள். நிறம் வெளிறி, பளபளப்பு போய், கரண்டி இழுக்கும்போது கனம் தெரியும். அந்த நொடியில் நெய் தடவிய சின்னக் கிண்ணங்களிலோ இட்லித் தட்டிலோ ஊற்றிவிடுங்கள். இப்படிக் கிண்டுவதால் சர்க்கரை பொடிப் படிகங்களாக உறைகிறது, வாயில் போட்டால் பொருபொருவென்று கரையும். கிண்டாமல் ஊற்றினால் இழுவையாக நிற்கும். கருப்பட்டி கசியும் என்றாலும், காற்றுப் புகாமல் சுற்றி அடைத்தால் மழைக்காலத்துப் பரிசுக்கு இதையே முதலில் சொல்வேன். சளி பிடித்த வீட்டில் வேண்டாம் என்று சொல்ல யாரும் இல்லை.

பிள்ளைகள் ஜெல்லி மிட்டாய் கேட்கிறார்கள். ஜெலட்டின் சேர்க்க எங்கள் வீட்டில் சம்மதம் இல்லை. வேறு வழி?

ஜெலட்டின் விலங்கின் தோல், எலும்பிலிருந்து எடுப்பது. ஹலால் பார்ப்பவர்களும் சைவக்காரர்களும் தவிர்ப்பது அதனால்தான். நமக்கு அதற்குக் கடல்பாசி இருக்கிறது. கீழக்கரையில் நோன்பு திறக்கும் நேரத்தில் கடல்பாசி இல்லாத வீடு குறைவு, அதனால் கையாளும் விதம் பலருக்கும் தெரிந்திருக்கும். சமையலுக்கு வரும் வெள்ளை இழையைக் கடையில் சைனா கிராஸ், அகர் அகர் என்றும் சொல்வார்கள். அது மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப் பாசி போன்ற சிவப்புப் பாசிகளிலிருந்து வருவது. மன்னார் வளைகுடாவில் சின்னப்பாலம் போன்ற ஊர்களின் பெண்கள் கடலில் முங்கிப் பாசி எடுப்பது பல காலமாக நடக்கும் தொழில். மூங்கில் மிதவையில் வளர்க்கும் கப்பாபைகஸ் பாசி வேறு. அதிலிருந்து எடுப்பது காராஜீனன், அகர் இல்லை.

மிட்டாய்க்கு 10 கிராம் இழையை அரை மணி நேரம் ஊறவைத்து, 400 மில்லி தண்ணீரில் முழுக்கக் கரையும்வரை காய்ச்சுங்கள். ஒரு துண்டுகூட மிதக்கக் கூடாது. பிறகு 500 கிராம் சீனி சேர்த்து, கரண்டியிலிருந்து கொழகொழவென்று இறங்கும்வரை காய்ச்சி இறக்குங்கள். எலுமிச்சைச் சாறு, நன்னாரி, ரோஸ் மில்க் எசன்ஸ் எதுவானாலும் இறக்கிய பிறகுதான். புளிப்பை விட்டுக் கொதிக்கவைத்தால் பாசியின் பிடிமானம் தளரும். தட்டில் ஊற்றினால் குளிர்ப்பெட்டி இல்லாமலே உறையும். அகர் உறைவது 35, 40 டிகிரிக்குள், திரும்ப இளக 85 டிகிரி ஆக வேண்டும். ஜெலட்டின் நம்மூர் வெயிலிலேயே இளகிவிடும். துண்டு போட்டு, மெல்லிய துணி மூடி, நாலைந்து நாள் நிழலில் உலர்த்தினால் மேலே சீனி பூத்து மெல்லிய ஓடு கட்டும், உள்ளே ஜெல்லி அப்படியே இருக்கும். வெயில் மாதங்களில் அருமையாக வரும். ஐப்பசி, கார்த்திகையில் முயற்சி செய்யாதீர்கள், ஓடு கட்டவே கட்டாது.

தொதல் செய்யலாமா?

மேலே ஒன்று தவிர என்று சொன்னது இதைத்தான். தேங்காய்ப்பால், கருப்பட்டி, வீட்டு வழக்கப்படி அரிசி மாவோ ஜவ்வரிசியோ போட்டு, எண்ணெய் பிரிந்து வரும்வரை மணிக்கணக்கில் கிண்ட வேண்டும். நாலு கை மாற்றிக் கிண்டப் பழகியவர்களுக்கே தோள் வலிக்கும். உம்மாவோ பெரியம்மாவோ பக்கத்தில் நின்று சொல்லித் தந்தால் செய்யுங்கள். இல்லாவிட்டால் கீழக்கரையில் நல்ல தொதல் விலைக்குக் கிடைக்கிறது, வாங்கி உங்கள் பெட்டியில் ஒரு துண்டு வையுங்கள். யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

போர் தண்ணீரில் பாகு வைக்கலாமா?

உப்புக் கரித்தால் வேண்டாம். தண்ணீர் வற்றும், உப்பு அப்படியே மிட்டாயில் நிற்கும். குடிக்கிற தண்ணீரில் வையுங்கள்.

சீனிப் பாகு திடீரென்று மணல் மாதிரி ஆகிவிடுகிறதே?

சட்டி ஓரத்தில் ஒட்டிய சீனி உள்ளே விழுந்தால் ஒன்றைப் பார்த்து ஒன்று படிகமாகும். சீனி கரைந்த பிறகு கிளறாதீர்கள், ஓரத்தை ஈரத் துணியால் துடைத்துவிடுங்கள். அரைக் கிலோ சீனிக்கு நாலைந்து சொட்டு எலுமிச்சைச் சாறு போதும். அதற்கு மேல் விட்டால் படிகம் ஆகாது என்பது சரிதான், ஆனால் ஈரம் இழுப்பது கூடும். நமக்கு அது ஆகாது.

சாக்லேட்?

கோகோ வெண்ணெய் 34 டிகிரிக்கே உருகும். மார்கழியில் செய்யுங்கள், சித்திரையில் வேண்டாம். கடையில் கிடைக்கும் காம்பவுண்ட் பாளம் (கோகோ வெண்ணெய்க்குப் பதில் வேறு கொழுப்பு சேர்த்தது) கொஞ்சம் தாங்கும். உருக்கும் கிண்ணத்தில் ஒரு சொட்டுத் தண்ணீரும் படக் கூடாது, பட்டால் கட்டி தட்டும். வறுத்த முந்திரி, உலர்திராட்சை போட்டு ஊற்றினால் தங்கச்சிமடம் கிறிஸ்துமஸ் தட்டுக்குப் போதும்.

சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குக் கருப்பட்டி மிட்டாய் கொடுக்கலாம் என்கிறார்களே?

இல்லை. கருப்பட்டியிலும் பெரும்பகுதி சர்க்கரைதான், இரத்தச் சர்க்கரையை ஏற்றும். மாமனாருக்குச் சர்க்கரை என்று தெரிந்தால் அவர் பங்குக்கு வறுத்த கடலையோ முந்திரியோ பொட்டலம் கட்டிக் கொடுங்கள். அதேபோல் பெட்டியில் கடலை, எள், முந்திரி, பால் எது இருந்தாலும் ஒரு சீட்டில் எழுதி வையுங்கள். ஒவ்வாமை உள்ளவர்களுக்கு அது தெரிய வேண்டும். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்குக் கமர்கட்டும் முழுக்கடலையும் வேண்டாம், தொண்டையில் சிக்கும்.

பிள்ளைகளைக் கூட வைத்துக்கொண்டு செய்யலாமா?

சுற்றுவது, கட்டுவது, பெயர் எழுதுவது எல்லாம் அவர்களுக்கு. அடுப்புப் பக்கம் மட்டும் வேண்டாம். கொதிக்கும் தண்ணீர் 100 டிகிரி, கெட்டிப் பாகு 150 டிகிரியை எட்டும், அதோடு தோலில் ஒட்டிக்கொண்டு விடாது. பட்டுவிட்டால் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். பற்பசையும் மையும் தடவ வேண்டாம். கொப்புளம் பெரிதாக இருந்தால் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

எத்தனை நாள் தாங்கும், எதில் கட்டிக் கொடுப்பது?

தேங்காய் பர்பி வெளியே மூன்று நாள், குளிர்ப்பெட்டியில் ஒரு வாரம். வறுத்த தேங்காயில் செய்த கமர்கட்டு ஒரு வாரம் பத்து நாள். கடலை மிட்டாய், எள் மிட்டாய், சுக்குக் கருப்பட்டி காற்றுப் புகாமல் இருந்தால் இரண்டு மூன்று வாரம். ஈரமும் காய்ந்ததும் ஒரே டப்பாவில் வேண்டாம். பர்பியின் ஈரம் கடலை மிட்டாய்க்குப் போய் இரண்டும் கெடும்.

பனை ஓலைப் பெட்டிதான் இந்த ஊர்ப் பரிசுக்கு அழகு. வாங்கியவர்கள் தூக்கிப் போடவும் மாட்டார்கள். ஆனால் ஓலைக்குள் காற்று போகும் வரும். அதனால் ஒவ்வொரு மிட்டாயையும் பட்டர் பேப்பரில் முறுக்கிச் சுற்றி, எல்லாவற்றையும் மூடி இறுகிய ஒரு சின்ன டப்பாவில் போட்டு, அந்த டப்பாவை ஓலைப் பெட்டிக்குள் வையுங்கள். அடியில் வறுத்து ஆறிய அரிசி ஒரு பிடியைத் துணியில் முடிந்து போட்டால் கொஞ்சம் ஈரத்தை அது வாங்கிக்கொள்ளும். பிளாஸ்டிக் தூக்குப்பைகளுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது, மஞ்சப்பையில் போட்டுக் கொடுங்கள்.

காக்கா (அண்ணன்) துபாயில் இருக்கிறார். எதைக் கொடுத்தனுப்பலாம்?

சுக்குக் கருப்பட்டியும் கடலை மிட்டாயும். தேங்காய் சேர்ந்த எதுவும் வேண்டாம், வழியில் எத்தனை மணி நேரம் சூட்டில் கிடக்கும் என்று சொல்ல முடியாது. பெட்டி கட்டுவதற்கு முதல் நாள் செய்யுங்கள், பத்து நாள் முன்னாடி வேண்டாம். போகிறவர் கையில் கொடுக்கும்போது உள்ளே என்ன என்று சொல்லிக் கொடுங்கள், விமான நிலையத்தில் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான்.

எல்லோரும் நன்றாக இருக்கிறது என்கிறார்கள். விற்கலாமா?

விற்கலாம். ஆனால் வீட்டில் செய்து விற்பதற்கும் உணவுப் பாதுகாப்புப் பதிவு வேண்டும், இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். அதற்கு முன்னால் ஒரு மழை மாதம் முழுக்க உங்கள் மிட்டாய் டப்பாவில் எப்படி இருக்கிறது என்று பார்த்துவிடுங்கள். பரிசாக வாங்கியவர் பிசுபிசுப்பைப் பொறுத்துக்கொள்வார், காசு கொடுத்தவர் பொறுக்க மாட்டார்.

சட்டியில் இறுகிப்போன பாகை எப்படிக் கழுவுவது?

தேய்க்காதீர்கள். சட்டி நிறையத் தண்ணீர் ஊற்றி, கரண்டியையும் அதிலேயே போட்டுக் கொதிக்க விடுங்கள். பத்து நிமிடத்தில் தானாகக் கரையும். வெல்லமோ கருப்பட்டியோ என்றால், கருகாமல் இருந்தால், அந்தத் தண்ணீரில் சுக்கைத் தட்டிப் போட்டு வடிகட்டிக் குடிக்கலாம்.